கப்பலில் எத்தனை பேர்? அண்டார்க்டிகாக் கரையில் இறங்குவதன் கணக்கு

அண்டார்க்டிகாவுக்குப் போவதென்று நானும் என் கணவரும் முடிவு செய்து முதன்முதலில் ஒரு பயண முகவரிடம் விவரம் கேட்டபோது, அவர் தந்த வழவழப்பான கையேட்டில் நீச்சல் குளம், நாடக அரங்கு, வகைவகையான உணவகங்கள் எல்லாம் இருந்தன. கரையில் எத்தனை முறை இறங்குவோம் என்ற விவரம் மட்டும் இல்லை. விடாமல் கேட்ட பிறகுதான், அந்தக் கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் போவார்கள் என்பதும், அதனாலேயே அது அண்டார்க்டிகாவில் ஓரிடத்திலும் பயணிகளைக் கரையிறக்காது என்பதும் தெரியவந்தன. பல இலட்சம் ரூபாய் செலவழித்து, மேல்தளத்தில் நின்றபடி தொலைநோக்கியில் பென்குயின்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம். நாங்கள் வேறொரு கப்பலில் போய்வந்த பிறகு, சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் இதுபற்றி விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள், வாழ்நாளில் ஒருமுறையேனும் அந்தக் குளிர் நிலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று மெய்யாகவே ஆசைப்படுபவர்கள். கப்பலில் எத்தனை பயணிகள் என்பதைத்தான் முதலில் கேளுங்கள் என்று அவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். பயணத்தின் தன்மை பெருமளவு அந்த ஓர் எண்ணிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

விளக்கத்துக்குள் போகுமுன் சொற்களைக் கொஞ்சம் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலூர்க்காரர்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் கோட்டை அகழித் தண்ணீரின்மேல் புகைபோல நிற்கும் மூட்டமும், வாசலில் நிறுத்திய வண்டியின் இருக்கையில் படிந்திருக்கும் ஈரமும்தான். அங்கே வானிலிருந்து பூவாய் உதிர்வதும் பனி, பல நூறு ஆண்டுகளாய்ப் படிந்து இறுகித் தன் எடையாலேயே மலையிலிருந்து மெல்ல வழிந்து வருவது பனியாறு, அதன் முனை உடைந்து கடலில் மிதப்பது பனிப்பாறை, கடல்நீரே உறைந்து பாளமாவது கடற்பனி. நான்கும் நான்கு விதமான ஆபத்துகள் என்பதால், கரையிறங்கும் ஒவ்வொரு நாளும் வழிகாட்டிகள் இவற்றைத் தனித்தனியாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

பொதுமக்களைப் பயணிகளாக அண்டார்க்டிகாவுக்கு அழைத்துச் செல்லும் முறையை நிலைநிறுத்தியவர் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட். 1966இல் முதல் குழுவை அழைத்துப் போன அவர், 1969இல் இதற்கென்றே ஒரு சிறிய கப்பலைக் கட்டச் செய்தார். பெரிய கப்பல் ஆழமான நீரில் நிற்கும், பயணிகள் காற்றடைத்த ரப்பர் படகுகளில் கரைக்குப் போய் நடந்து பார்ப்பார்கள், இயற்கை அறிவியல் தெரிந்தவர்கள் உடன் வந்து விளக்குவார்கள் என்ற ஏற்பாடு அப்போது உருவானது. இன்றும் ஏறக்குறைய அப்படியேதான் நடக்கிறது. அந்தக் கண்டம் எந்த நாட்டின் ஆளுகைக்கும் உட்படாமல், 1959இல் கையெழுத்தான அண்டார்க்டிகா உடன்படிக்கையின்கீழ் இருக்கிறது; 1983இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. நம் நாட்டின் மைத்ரி, பாரதி ஆய்வு நிலையங்களைப் பார்க்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். அவை கண்டத்தின் வேறு பக்கத்தில் இருக்கின்றன. சுற்றுலாக் கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை தென் அமெரிக்காவை நோக்கி நீண்டிருக்கும் தீபகற்பப் பகுதிக்குத்தான் போகின்றன.

பயணிகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியதும் கட்டுப்பாடுகள் வந்தன. 1991இல் மாட்ரிட் நகரில் உடன்படிக்கை நாடுகள் சுற்றுச்சூழல் காப்பு நெறிமுறையில் கையெழுத்திட்டன. அதே ஆண்டில் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து, சுருக்கமாக ஐயாட்டோ என்று அழைக்கப்படும் அண்டார்க்டிகாச் சுற்றுலா நடத்துநர் சங்கத்தைத் தொடங்கின. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்குமேல் கரையில் இருக்கக் கூடாது. 20 பயணிகளுக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கப்பல்தான் ஓரிடத்தில் நிற்கலாம். 500 பயணிகளுக்குமேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கக் கூடாது என்பவை அடிப்படை விதிகள். 1990களின் தொடக்கத்தில் ஒரு பருவத்துக்குச் சில ஆயிரம் பேர் போன இடத்துக்கு, 2023-24 பருவத்தில் 1,20,000க்கும் மேற்பட்டோர் போயிருக்கிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கரையிறங்காமல் கப்பலிலிருந்தே பார்த்துத் திரும்பியவர்கள்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நிறுத்தத்துக்குச் சுமார் மூன்றரை மணி நேரம் கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் போகும் கப்பலில் எல்லோரும் ஒன்றாக இறங்கி, விரும்பும்வரை கரையில் இருக்கலாம். இருநூறு பேரென்றால் இரண்டு அணி. ஓர் அணி கரையில் நடக்கும்போது மற்றது ரப்பர் படகில் பனிப்பாறைகளுக்கிடையே சுற்றிவரும், பிறகு இடம் மாறிக்கொள்ளும். நானூற்று எண்பது பேரென்றால் ஐந்து அணி. ஓர் அணிக்குக் கரையில் முக்கால் மணி நேரம் கிடைப்பதே அரிது. கப்பல் பெரிதாகப் பெரிதாகக் கட்டணம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கட்டணத்தைப் பயண நாட்களால் வகுக்காமல் கரையில் நிற்கும் மணி நேரத்தால் வகுத்தால், மலிவாகத் தெரிந்தது பல வேளைகளில் விலை கூடியதாக முடிகிறது. என் சொந்தக் கருத்து, இருநூறு பேருக்குமேல் ஏற்றும் கப்பலை நடக்க விரும்புகிறவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது.

கையேட்டில் போட்டிருக்கும் நாட்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயா துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பல், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறது. அந்த அகலாங்கில் உலகைச் சுற்றிக் காற்றையும் அலையையும் தடுக்க ஒரு துண்டு நிலம்கூட இல்லாததால், மேற்குக் காற்று ஓயாமல் கடலைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த இடைவெளியில் நெருக்குகிறது. அதனால்தான் அங்கே கடல் அவ்வளவு கொந்தளிக்கிறது. ஏறும் நாளையும் இறங்கும் நாளையும் சேர்த்துக் கழித்தால், பதினொரு நாள் பயணத்தில் மிஞ்சுவது ஐந்து நாள். நாளுக்கு இரண்டு வீதம் பத்து முறை இறங்கலாம் என்பது ஏட்டுக் கணக்கு. பனியாற்றின் மேலிருந்து குளிர்ந்து கனத்த காற்று திடீரென்று சரிந்து வீசினால் அதில் ஒன்றிரண்டு போய்விடும். சிலி நாட்டின் புன்டா அரீனாஸ் நகரிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் கிங் ஜார்ஜ் தீவுக்குப் போய், அங்கே கப்பலேறும் வழியும் உண்டு. அது கடல் நோயைத் தவிர்க்கும். ஆனால் விமானம் இறங்க வானிலை இடம் தராவிட்டால் நாட்கள் கழியும்.

கரையிறங்குவது எப்படி நடக்கிறது என்பதை நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கப்பலின் பக்கவாட்டில் ஒரு சிறு மேடை. அதன் கீழே, அலையில் ஓர் அடி ஏறி ஓர் அடி இறங்கிக்கொண்டு ரப்பர் படகு நிற்கிறது. படகோட்டி கை நீட்டுகிறார். கைகுலுக்குவதுபோலப் பிடித்தால் ஈரக் கையுறை வழுக்கிவிடும் என்பதால், அவருடைய முன்கையை நாமும் நம் முன்கையை அவரும் முழங்கைக்குச் சற்றுக் கீழே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். படகு மேலே வரும் கணத்தில் அதன் பருத்த விளிம்பில் ஒரு கால், அடுத்துத் தரையில் ஒரு கால், உடனே உட்கார்ந்துவிட வேண்டும். பத்துப் பேர் நிரம்பியதும் படகு கரைக்கு விரையும். அங்கே படித்துறை கிடையாது. விளிம்பில் உட்கார்ந்தபடியே முன்பக்கம் நகர்ந்து, கால்களைக் கடல் பக்கம் திருப்பி, அலை பின்வாங்கும்போது முழங்காலுக்குச் சற்றுக் குறைவான தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும்.

இதனால்தான் அங்கே தோல் காலணி செல்லாது. ஆம்பூரில் தைத்த நல்ல தோல் பூட்ஸ் ஒரு ஜோடி எங்கள் வீட்டில் இருந்தது, அதையே போடலாமே என்று என் கணவர் கேட்டார். தோலைப் பதனிடத் தெரிந்த ஊர்க்காரர்களுக்குத் தோல் தண்ணீரை எப்படி உறிஞ்சும் என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. உப்புநீரில் ஒருமுறை ஊறினால் அடுத்த நாளைக்குள் அது உலராது. பேர்ணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் சுண்ணாம்புத் தொட்டியருகே வேலை செய்பவர்கள் போடுகிறார்களே, அந்த கம்பூட்ஸின் தடித்த வகைதான் அங்கே காலுக்குச் சரி. பெரும்பாலான சிறிய கப்பல்களில் அதை இரவலாகவே தந்துவிடுகிறார்கள். பாத அளவை முன்கூட்டியே சரியாக எழுதி அனுப்பினால் போதும். இரண்டு காலுறை போடுவோம் என்பதால் ஓர் அளவு கூட்டிச் சொல்வது நல்லது.

பயணத்தில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்த காட்சி கரையில் நடந்ததல்ல. டிரேக் நீரிணையைக் கடக்கும் இரண்டாம் நாள் பிற்பகலில், எல்லோரையும் தங்கள் வெளியுடைகளையும் பைகளையும் எடுத்துவரச் சொன்னார்கள். தரையில் பாய் விரித்து, தூசு உறிஞ்சும் கருவியாலும் தூரிகையாலும் சட்டைப்பைகளின் மூலைவரை சுத்தம் செய்தார்கள். என் முதுகுப்பையின் ஒட்டுப்பட்டையை விரல்நுனியால் தடவிப் பார்த்த இளம் வழிகாட்டி ஒரு சாமணத்தை எடுத்து, அதன் கொக்கிகளுக்கிடையிலிருந்து பழுப்பாகக் கூர்மையாக எதையோ பிடுங்கி வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்தாள். இன்னொன்று. பிறகு மூன்றாவது. நாயுருவி விதைகள். பயிற்சிக்காக ஏலகிரியில் நடந்தபோது பாதையோரத்தில் ஒட்டிக்கொண்டவை, சென்னை, பியூனஸ் அயர்ஸ், உஷுவாயா எல்லாம் கடந்து அதுவரை வந்திருந்தன. வீட்டில் பையை நான் துவைத்திருந்தேன், அப்படியும். அண்டார்க்டிகா முழுவதிலும் இயல்பாக முளைக்கும் பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டு: ஒன்று ஒருவகைப் புல், மற்றது பாசிமெத்தைபோலத் தரையோடு படரும் ஒரு சிறு செடி. வெளியிலிருந்து வந்த ஒருவகைப் புல் கிங் ஜார்ஜ் தீவில் ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. நாயுருவி அந்தக் குளிரில் முளைக்கப் போவதில்லை என்றாலும், எந்த விதை முளைக்கும் எது முளைக்காது என்று பயணியின் பையைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாதல்லவா?

கரைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் பூட்ஸைக் கிருமிநாசினிக் கரைசலில் தோய்த்துத் தேய்ப்பது கட்டாயம். பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா தீவிலும் 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகா நிலப்பரப்பிலும் உறுதியான பிறகு இது இன்னும் கடுமையாகியிருக்கிறது. பூட்ஸைத் தவிர வேறெதுவும் தரையில் படக்கூடாது என்பதால், கரையில் உட்காரவோ மண்டியிடவோ பையைக் கீழே வைக்கவோ கூடாது. முட்டிவலி உள்ளவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டு மணி நேரம் உட்காராமல் நிற்க வேண்டியிருக்கும். பென்குயினிடமிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அது தானாக நம்மிடம் நடந்து வந்தால் அசையாமல் நிற்கலாம். பனியில் அவை நடந்து நடந்து பதித்த ஒற்றையடித் தடங்களை நாம் மிதிக்கக் கூடாது. நம் பூட்ஸ் விட்ட குழியில் விழுந்தால் அவற்றால் எளிதில் ஏற முடியாது. நாம் ஏற்படுத்திய குழிகளை நாமே பனியால் மூடிவிட்டு வர வேண்டும்.

உடையைப் பற்றி ஊரில் நிலவும் எண்ணம் பெரும்பாலும் தவறானது. கோடைக்காலத் தீபகற்பத்தில் பகல் வெப்பம் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே இருக்கும். டெல்லியின் சனவரி இரவைத் தாங்கியவர்கள் அதைத் தாங்கலாம். உடலை வாட்டுவன காற்றும் ஈரமும்தான். நாம் ஆயுள் முழுவதும் நம்பியிருக்கும் பருத்தி அங்கே உதவாது. வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு குளிர்ச்சி தருவதுதான் பருத்தியின் குணம், வேலூர்க் கத்திரி வெயிலில் நம்மைக் காப்பாற்றும் குணமும் அதுவே. உடலோடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ் என்னும் பஞ்சுபோன்ற செயற்கை இழைச் சட்டை, வெளியே காற்றும் நீரும் புகாத மேலங்கி என்று மூன்று அடுக்காகப் போட்டுக்கொண்டு, சரிவில் ஏறத் தொடங்கும்போதே ஜிப்பைத் திறந்துவிட வேண்டும். வேர்த்த பிறகு திறப்பதில் பயனில்லை. வெயிலுக்குப் பழகியவர்கள் நாங்கள் என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம்: புதிதாய் விழுந்த பனி புறஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது; மோவாயின் அடியிலும் மூக்குத் துவாரத்தின் கீழேயும் எனக்குத் தோல் கன்றிப்போனது. கறுப்புக் கண்ணாடி கண்டிப்பாக வேண்டும்.

ஆபத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லிண்ட்பிளாட் கட்டுவித்த அதே கப்பல், பிற்காலத்தில் எக்ஸ்புளோரர் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தபோது, 2007 நவம்பர் 23 அன்று கிங் ஜார்ஜ் தீவருகே பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் திறந்த படகுகளில் சில மணி நேரம் மிதந்தபின், அவ்வழியே வந்த மற்றொரு பயணக் கப்பலால் காப்பாற்றப்பட்டார்கள். 2022 நவம்பரில் எலிஃபண்ட் தீவருகே ரப்பர் படகு கவிழ்ந்து பயணிகள் இருவர் இறந்தார்கள். அங்கே கடல்நீரின் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டியது. விழுந்த முதல் நிமிடம் மூச்சு தன் கட்டுப்பாட்டில் இருக்காது, அடுத்த பத்து நிமிடத்தில் கைகால் செயலிழக்கும், சுமார் ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும் என்பது கடல்மீட்புப் பயிற்சியில் சொல்லித் தரும் கணக்கு. நீச்சல் தெரியுமா என்பதைவிட லைஃப் ஜாக்கெட் சரியாகக் கட்டியிருக்கிறதா என்பதே அங்கே முக்கியம்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொன்றை விளங்க வைப்பது கடினமாக இருக்கிறது. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி.யாக நம் தெருமுனையில் நிற்கிறது. நெஞ்சுவலி என்றால் ஆட்டோ ஏறிப் போய்விடலாம் என்ற நிம்மதியிலேயே நாம் வாழ்கிறோம். கப்பலில் ஒரு மருத்துவர் இருப்பார், மருந்துகள் இருக்கும், அறுவை சிகிச்சைக்கு வழியிருக்காது. வானிலை ஒத்துழைக்காவிட்டால் நோயாளியை நகரத்துக்குக் கொண்டுபோக நாட்கணக்காகும். அதனால்தான் நிறுவனங்கள் மருத்துவச் சான்றையும், அவசரமாக வெளியேற்றும் செலவை ஏற்கும் பெருந்தொகைக் காப்பீட்டையும் கேட்கின்றன. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பயண நாட்களைவிட இரண்டு வாரம் கூடுதலாகக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடல் நோய் மாத்திரை நாம் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு சேருமா என்று நம் மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டுவிட வேண்டும்.

உடலைப் பழக்க நமக்கு வாய்த்த இடம் வேறு ஊர்க்காரர்களுக்கு வாய்க்காது. சோளிங்கர் யோக நரசிம்மர் மலையின் 1,305 படிகளை வாரம் ஒருமுறை, நான்கு மாதம் ஏறி இறங்கினோம். 2024இல் அங்கே ரோப் கார் வந்துவிட்டது. பயிற்சிக்குப் போகிறவர்கள் படியிலேயே இறங்க வேண்டும், ஏனென்றால் பனிச்சரிவில் முட்டியைச் சோதிப்பது இறக்கம்தான். ஏலகிரியில் சுவாமிமலை ஏற்றம் கல்லும் மண்ணுமாக இருப்பதால் கணுக்காலுக்கு நல்லது. அங்கே கயாக் என்னும் சிறு படகில் துடுப்பு வலிக்க ஆசைப்படுகிறவர்கள் கோவளம் கடலில் முன்பே பழகிக்கொள்ளலாம். கப்பலில் அதற்கு ஒரு சிறு குழுவைத்தான் எடுப்பார்கள், தனிக் கட்டணம், முன் அனுபவமும் கேட்பார்கள்.

அண்டார்க்டிகா மட்டுமே குளிர்நிலம் அல்ல. நார்வேயின் வடக்கே, 78 டிகிரி வட அகலாங்கை ஒட்டிய ஸ்வால்பார்டிலும் இதே முறைதான், ஆனால் அங்கே பனிக்கரடி இருப்பதால் வழிகாட்டிகள் துப்பாக்கியோடு முதலில் இறங்கிச் சுற்றிப் பார்த்த பிறகே பயணிகளை இறக்குவார்கள். 2025 சனவரி முதல் அங்கே விதி இறுகியிருக்கிறது: காப்புப் பகுதிகளில் கப்பலுக்கு 200 பயணிகள்தான், இறங்க 43 இடங்கள்தான், கரடியிடமிருந்து 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் முடிய அது 500 மீட்டர். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்குள்ள நீ-ஓலசுன்டில் 2008 முதல் இயங்குகிறது. ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை என்பதை மட்டும் கேட்டுவிட்டு ஏமாற வேண்டாம். நார்வே வழியாகப் போய் நார்வே வழியாகவே திரும்புவதால், இரண்டு முறை நுழைய அனுமதிக்கும், நார்வே உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வாங்க வேண்டும். அலாஸ்கா முற்றிலும் வேறு மாதிரி. ஆயிரக்கணக்கானோர் போகும் கப்பல்கள் நகரத் துறைகளிலேயே கட்டி நிற்கும், நடைப்பயணமும் பனியாற்றுப் பயணமும் தனித்தனியாக விற்கப்படும். அங்கே என்னுடைய நூறு பேர்க் கணக்கு பொருந்தாது.

போகத்தான் வேண்டுமா என்ற கேள்வியை நாங்களும் எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். கசடு மிகுந்த கன எரிபொருளை அண்டார்க்டிகக் கடலில் 2011 முதல் தடை செய்திருக்கிறார்கள் என்றாலும், உலகின் மறுகோடிக்கு விமானத்திலும் கப்பலிலும் போய்வருவதால் காற்றில் சேரும் புகையை விதிகளால் இல்லாமல் செய்துவிட முடியாது. ஒருமுறை மட்டும் போவது, அதையும் கரையில் நிறைய நேரம் கிடைக்கும்படி போவது என்று முடிவெடுத்தோம். மாற்றுக் கருத்து உள்ளவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

எப்போது போவது என்பதில் நம் பள்ளி விடுமுறைகள் இடிக்கின்றன. அண்டார்க்டிகப் பருவம் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான். நவம்பரில் பனி தூய்மையாக இருக்கும், பென்குயின்கள் கூடு கட்டும். டிசம்பர் கடைசியிலிருந்து சனவரிக்குள் குஞ்சுகள் பொரிக்கும். பிப்ரவரியில் கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் நிறையத் தென்படும், ஆனால் கரை சேறும் எச்சமுமாக இருக்கும். காட்பாடியில் ரயிலேறித் திரும்பி வந்து சேரக் குறைந்தது பதினாறு, பதினேழு நாள் ஆகும் என்பதால் அரையாண்டு விடுமுறைக்குள் இது அடங்காது. பள்ளி செல்லும் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கோடை விடுமுறையின் கடைசியில் அலாஸ்காவோ ஸ்வால்பார்டோ சரியாக வரும். உஷுவாயாவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். பெட்டி பின்தங்கிவிட்டது என்று கப்பல் காத்திருக்காது.

நாங்கள் பொங்கல் முடித்து, பிப்ரவரியில் கப்பலேறினோம். கப்பலில் 118 பயணிகள். பத்து முறை இறங்கத் திட்டமிட்டிருந்ததில் காற்றால் இரண்டு போயின. ஒவ்வொரு முறையும் கரையில் கால் வைத்த நேரத்தையும் படகேறிய நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். கூட்டினால் பதினேழு மணி இருபது நிமிடம் வருகிறது.